யாரோ குடுக்காங்க

யாரோ குடுக்காங்க. அதில் துளி சந்தேகம் கிடையாது. காற்றைக் குடித்து எந்தப் பிள்ளையும் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறாது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் டப்பாவில் ஒரு கரண்டிச் சோறும் அதற்கு இரண்டு மடங்கு காயும் ஒரு அவித்த முட்டையும், ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தி, அவ்வளவுதான். பிஸ்கட்டை நிறுத்தியாச்சு, பாட்டில் ஜூஸை நிறுத்தியாச்சு, பாலில் கலக்குகிற அந்தச் சாக்லேட் மாவையும் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாச்சு. அதற்குப் பிறகும் ஏறுகிறது என்றால் யாரோ குடுக்காங்க, இவளும் வாங்கித் தின்கிறாள், தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று கோவில்பட்டியில் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் ஒட்டு நிழலில், பன்னிரண்டரை மணி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள் செண்பகவல்லி. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வாசலில் காவல்காரரிடம், மகள் கணக்கு நோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள், கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். காலையில் அந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தவளும் அவள்தான். பொய் சொல்லப் போகிறவள் சாட்சியோடு போக வேண்டாமா? காவல்காரர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். இலக்கியா, நான்காம் வகுப்பு, பி பிரிவு என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு, ஓ, அந்தப் பிள்ளையா என்றார். அந்தப் பிள்ளை என்றால் எந்தப் பிள்ளை? அறுநூறு பிள்ளைகள் வந்துபோகிற வாசலில் என் மகளை மட்டும் இவருக்கு எப்படித் தெரியும்? சட்டைப் பை வேறு உப்பியிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூடுதான். ஆனாலும் உள்ளே வருவதற்குள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவள் சும்மா அரளவில்லை. ஆரம்பித்தது கழுத்தில். இலக்கியாவின் பின்னங்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. அழுக்கு என்றுதான் நினைத்தாள், எந்த அம்மாதான் வேறு மாதிரி நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுப் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். எம்மா எரியுது, எம்மா எரியுது என்று பிள்ளை கத்தக் கத்தத் தேய்த்தாள், குளிக்கச் சோம்பல் படுகிற கழுதை என்று முதுகில் இரண்டு வைத்தும் தேய்த்தாள். கழுத்து சிவந்ததே ஒழியக் கறுப்பு போகவில்லை. காய்ச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா, இனிமே தேய்க்காதீங்க, பிள்ளை உடம்புக்குள்ள சர்க்கரை சரியாச் செலவாகலைன்னு வெளிய காட்டுற அடையாளம் இது" என்றார். அந்த நிமிஷம் செண்பகவல்லிக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிற இடத்தில் நிற்கிறது, மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், வீடு மொத்தமும் ஒரே மாதிரிச் சாப்பிடுங்கள், சாப்பிடும்போது போன் கொடுக்காதீர்கள், ஒன்பது மணிக்குத் தூங்க வையுங்கள், தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடி விளையாடட்டும், குண்டு என்று யாரும் கூப்பிட வேண்டாம், அடிக்க வேண்டாம் என்றெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். செண்பகவல்லியின் காதில் சாப்பாடு மட்டும்தான் விழுந்தது. மீதியெல்லாம் விழாமல் அவளுடைய அப்பாவின் கால் குறுக்கே வந்து நின்றது. சர்க்கரையில் முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், அடுத்த வருஷம் பாதத்தை எடுத்தார்கள், அதற்கடுத்த வருஷம் அவரே இல்லை. அவருக்கு அறுபது வயசில் வந்தது. இவளுக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசில் வந்தால் இருபது வயசில் என்னத்த எடுப்பார்கள்? இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே அவள் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தாள். இரண்டாம் மாதம் போனால் நாற்பத்துநாலு கிலோ நாற்பத்தாறு ஆகியிருக்கிறது. எடைமேடை சரியில்லை என்று மகளை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்று பார்த்தாள். எடைமேடையில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தபடியே, வேற யாரும் ஏதாவது கொடுக்கிறாங்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். செண்பகவல்லிதான் அந்தக் கேள்வியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

முதல் சந்தேகம் குருசாமி மேல். கட்டின புருஷனைச் சந்தேகப்படாமல் ஊரானையா முதலில் சந்தேகப்படுவது? லாரி ஓட்டுகிற மனுஷன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார், முன்பெல்லாம் புரோட்டாப் பொட்டலம் இல்லாமல் படி ஏற மாட்டார். இப்போது வெறுங்கையோடு வருகிறார், அதுவே சந்தேகமாக இருந்தது. வெறுங்கையோடு வருகிறவர் வந்ததும் வராததுமாகப் பிள்ளையை எதற்கு வெளியே கூட்டிப் போகிறார்? லாரி டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறாராம். லாரி டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒன்பது வயசுப் பிள்ளை எதற்கு, ஊதுவதற்கா? துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடலைமிட்டாய்த் தாள் ஒன்று சுருண்டு கிடந்தது. நான் தின்னது என்றார். பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லுங்க என்றாள். வைத்துத்தான் சொன்னார். ஆனால் கை தலையில் பட்டதா, அரை அங்குலம் மேலே நின்றதா? ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள் கண்ணுக்கு அரை அங்குலம் தப்புமா? அதை ஒரு வாரம் யோசித்தாள். அப்புறம் சந்தனமாரி மதினி, குருசாமியின் அக்கா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். சாயங்காலம் துணி கொடுக்க வாங்க ஆள் வருகிற நேரம் என்று இலக்கியாவை அங்கேதான் விடுவது, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கூப்பிடப் போன இடத்தில் மதினி, பச்சத் தண்ணிகூடக் குடுக்கல செண்பகம் என்றாள். கேட்காமலே சொன்னாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதானே இது? மறுநாள் சீனி கடன் கேட்கிற சாக்கில் போய் மதினி வீட்டு முறுக்கு டின்னைத் திறந்து எண்ணினாள். முப்பத்தொன்று இருந்தது. அடுத்த நாள் இருபத்தெட்டு. மூன்று முறுக்கை மதினி வீட்டுக்கார அண்ணாச்சி தின்றிருக்கலாம், மதினியே தின்றிருக்கலாம், ஆனால் செண்பகவல்லியின் மனசில் மூன்றும் இலக்கியாவின் வாயில்தான் நொறுங்கின. மதினி சும்மா இருக்கிறவளும் இல்லை, எங்க தம்பி பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லுதா என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வேன் டிரைவர் இலக்கியாவை எதற்கு முன் சீட்டில் உட்கார வைக்கிறான்? டியூசன் மிஸ் சரியான பதிலுக்கு மிட்டாய் கொடுக்கிறவள், இவள் என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாளே, எதற்கு? இப்படி எல்லா வாசலுக்கும் போய் வந்த மனசு கடைசியில் பிள்ளையிடமே வந்து நின்றது. யாருட்டி குடுக்கா என்று கேட்டாள். யாரும் குடுக்கல என்றாள் இலக்கியா. போன வெள்ளிக்கிழமை துணி அளக்கிற மரக்கட்டையால் கெண்டைக்காலில் ஒன்று போட்டுக் கேட்டாள். அப்போதும் யாரும் குடுக்கல என்றுதான் சொன்னாள், அழக்கூட இல்லை. பெற்ற பிள்ளை கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லுதே, சர்க்கரை வருகிறதுக்கு முன்னால் களவு வந்துவிட்டதே என்று அன்றைக்குத் தையல் மிஷினில் தலையை வைத்துக்கொண்டு அவள்தான் அழுதாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வராந்தாவிலிருந்து கொட்டினார்கள். அத்தனை நீலப் பாவாடைக்கு நடுவில் தன் கை தைத்த பாவாடை எது என்று செண்பகவல்லிக்கு உடனே தெரிந்தது. இடுப்பில் இரண்டு தரம் பிரித்துவிட்ட பாவாடை. வளர்கிற பிள்ளை என்று எப்போதும் உள்ளே மூன்று விரல் துணி விட்டுத்தான் தைப்பாள், இந்த வருஷம் பிரிப்பதற்கு உள்ளே துணி இல்லை. இலக்கியா மெதுவாக, யாரோடும் சேராமல், மற்றவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக வந்தாள். இந்தப் பிள்ளைதான் பதினோராவது மாதத்தில் பொருட்காட்சியில் கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினது. மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். கன்னத்தைக் கிள்ளாத ஆள் கிடையாது. கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் செண்பகவல்லி. அன்றைக்குக் கிள்ளினவர்கள்தான் இன்றைக்கு, என்ன செண்பகம், பிள்ளையை டாக்டர்ட்ட காட்டப்படாதா என்கிறார்கள். அன்றைக்கே யார் கண்ணாவது பட்டிருக்குமோ? அந்த நினைப்பு வந்த வழியிலேயே போய்விட்டது, ஏனென்றால் இலக்கியா கொட்டகைக்கு இந்தப் பக்கப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துவிட்டாள். செண்பகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிள்ளை காயைச் சாப்பிட்டது. முட்டையைச் சாப்பிட்டது. சோற்றையும் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடிக் கையைக் கழுவிக்கொண்டு வந்தது. எம் பிள்ளை நல்ல பிள்ளை, நான்தான் பாவி என்று நெஞ்சு நிறைந்தது அவளுக்கு. கழுவிக்கொண்டு வந்த பிள்ளை விளையாடப் போகாமல் மறுபடியும் அதே படியில் உட்கார்ந்தது. அப்போது இரட்டைச் சடை போட்ட ஒல்லிப் பிள்ளை ஒன்று டப்பாவோடு வந்தது. வேன் நிற்கிற இடத்தில் பார்த்த முகம், கனிஷ்கா என்று பெயர். வந்துட்டா குடுக்கிறவ, என்று செண்பகவல்லி நிமிர்ந்தாள். சாம்பார் சோறு, பாதி அப்படியே இருந்தது. இலக்கியா வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொருத்தி வந்தாள், எலுமிச்சைச் சோறு. அடுத்தவள் நூடுல்ஸ். அதற்கு அடுத்தவள் இரண்டு பூரி. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து என்னமோ பேசிச் சிரித்தார்கள், நடுவில் இலக்கியாவும் சிரித்தாள். ஆனால் அவள் சாப்பிட்டது ஆசையாகச் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை. பண்டிகை நேரத்தில் குவிந்த ஜாக்கெட்டைச் செண்பகவல்லி தைக்கிற மாதிரி, ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தாள். விரலால் ஓரத்தை வழித்து, மூடியைப் போட்டு, உரியவளிடம் கொடுத்தாள். கொடுத்த கையோடு அந்தப் பிள்ளை எழுந்து வராந்தாவுக்கு ஓடியது. அங்கே மிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை டப்பாவைத் திறந்து காட்டியது, மிஸ் தலையை ஆட்டினார், பிள்ளை மைதானத்துக்குப் பறந்தது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவள் போட்ட சட்டம். இலக்கியா ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மாக்கள் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, பாதிச் சோறு டப்பாவுல திரும்பி வருது மிஸ், காலி டப்பாவைக் காட்டினாத்தான் விளையாட விடணும்னு சொல்லிருங்க என்று கேட்டவள் அவள்தான். இருபது அம்மாக்கள் ஆமா மிஸ், ஆமா மிஸ் என்றார்கள். மிஸ்ஸும் சரி என்றார். அன்றையிலிருந்து எல்லார் வீட்டுக்கும் டப்பா காலியாகப் போகிறது, எல்லா அம்மாவுக்கும் வயிறு நிறைகிறது. பிள்ளைகளுக்குப் பசியில்லாத சோறு போகிற இடம் இந்தப் படி. இரண்டு மாதமாகப் புருஷனையும் மதினியையும் வேன் டிரைவரையும் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேனே, நானே வாசலைத் திறந்து வைத்துவிட்டு நானே திருடனைத் தேடினேனே என்று நினைத்தாள். ஆனால் கோபம் வெட்கத்துக்கு முன்னால் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி மறைவிலிருந்து வெளியே நடந்தாள். பூரிக்காரப் பிள்ளைக்காகத் திரும்பி வந்து நின்ற கனிஷ்காதான் இலக்கியாவைப் பார்த்து, ஏ, உங்கம்மாடி என்றாள். இலக்கியா எழுந்தாள். கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். நேராக அம்மாவின் முன்னால் வந்து, தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அத்தனை பிள்ளைகளும் பார்க்க, பெரிசாகத் திறந்துகொண்டு நின்றாள். தினமும் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் தெருமுனையிலேயே செண்பகவல்லி செய்கிற சோதனை அது. ஊது என்பாள், வாயில் என்ன வாசம் அடிக்கிறது என்று முகர்வாள். இன்றைக்கு ஊது என்று சொல்லவே இல்லை. சொல்லாமலே திறந்துவிட்டது பிள்ளை. வாய்க்குள் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. செண்பகவல்லி அந்த வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினாள்.

"மூடு தாயி. நான் ஒண்ணும் பாக்கல. பசிக்குதாட்டி?"

"பசிக்கல."

"பிறகு எதுக்குச் சாப்பிடுத?"

இலக்கியா தரையைப் பார்த்தாள். செருப்பால் மண்ணைக் கிளறினாள். யாரும் குடுக்கல என்றுதான் இதற்கும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள் செண்பகவல்லி.

"நான் சாப்பிட்டு முடிக்க வரைக்கும் எங்கூட உக்காந்திருப்பாங்கம்மா," என்றாள் இலக்கியா. "அதான் மெதுவாச் சாப்பிடுவேன்."

செண்பகவல்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே இருந்த பூரி டப்பாவை எடுத்து மூடி உரிய பிள்ளையிடம் கொடுத்து, மிஸ்ஸிடமும் உங்க அம்மாவிடமும் நான் பேசிக்கிடுதேன், நீ போய் விளையாடு என்றாள். அந்தப் பிள்ளை கனிஷ்காவைப் பார்த்தது, கனிஷ்கா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், இரண்டும் போய்விட்டன. யாராவது ஒருத்தி இலக்கியாவின் கையைப் பிடித்து வா என்று இழுப்பாள் என்று செண்பகவல்லி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். ஒருத்தியும் திரும்பவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளைகள், அவர்கள் மேல் என்ன குற்றம். மைதானத்தில் கத்தலும் புழுதியுமாக இருந்தது. பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது, மிஸ்ஸிடம் போக வேண்டும், இருபது அம்மாக்களிடமும் பேச வேண்டும், மதினியிடம் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை, புருஷனிடம் வேறு பேச வேண்டும், மரக்கட்டையால் அடித்த காலைத் தொட வேண்டும், எதை முதலில் செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கெண்டைக்காலில் கை வைத்தாள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்திருக்கும். பெற்றவளைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறதைக் காட்டிலும் கேவலம் உலகத்தில் உண்டா என்று அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் பிள்ளையிடம் தீனியைப் பற்றி அல்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஐஸ்பாய் என்றாள் இலக்கியா. விளையாட வேண்டியதுதானே என்றதற்கு, நான் ஒளிஞ்சா யாரும் தேட மாட்டாங்க, மணி அடிச்ச பிறகு நானே வந்துருவேன் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"போ, போய் ஒளி. நான் தேடுதேன்."

"நீயா?"

"ஏன், உங்கம்மாவுக்குத் தேடத் தெரியாதுன்னா நினைக்க?"

பிள்ளை நம்பவில்லை. அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தது. பிறகு, கண்ணை மூடணும், விரல் சந்துல பாக்கப்படாது என்றது. பாக்க மாட்டேன் என்றாள் செண்பகவல்லி. எழுந்து போய்க் கொட்டகைத் தூணில் நெற்றியை வைத்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஒண்ணு என்றாள். ஒரு சத்தமும் இல்லை. ரெண்டு. பிள்ளை பின்னாலேயே நிற்பது தெரிந்தது, மூச்சு கேட்டது. நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறது, என்னை நம்பலாமா வேண்டாமா என்று சோதிக்கிறது, சோதிக்கட்டும், அதற்கில்லாத உரிமையா என்று கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால்தான் என்ன, ஒரே ஒரு தரம், எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும், என்று பழைய புத்தி அரித்தது. மூணு என்றாள். நாலு என்றாள். ஐந்து சொல்லும்போது பின்னால் செருப்புச் சத்தம் கிளம்பியது. தொம் தொம் என்று, கனமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்துப் பக்கமாக, அதையும் தாண்டி ஓடியது. இலக்கியா ஓடுகிறாள். பத்து வரைக்கும் எண்ணினால் போதும் என்றிருந்த செண்பகவல்லி, பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரம் ஓடட்டும் என்று கண்ணைத் திறக்காமலே இருபது, இருபத்தொண்ணு என்று எண்ணிக்கொண்டே போனாள்.